மாமி ஏறிய கார்

அந்தக் காரை வாங்கப்போவதாக ஹில்மி வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது. குடும்பமே ஏறித் திரிந்த, ஒருநாள்கூட முனகாத ஜப்பான் காரைக் கொழும்பில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தான் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தில் பிறந்த ஒரு பச்சைக் காருடன் காத்தான்குடிக்கு வந்து சேர்ந்தான். இரண்டே சீட்டு. கூரை கிடையாது. கூரை என்ற பெயரில் ஒரு கித்தான் துணி பின்னால் கிடந்தது. அதை விரித்தால் மடிக்க முடியாது, மடித்தால் விரிக்க முடியாது. காரில் வந்தான் என்றும் சொல்லிவிட முடியாது. கார் ஒரு லொறியின் முதுகில் வந்தது. ஹில்மி லொறிச் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து வந்தான்.

அவனுடைய மனைவி நிஸ்மியா கேற்றடியில் நின்று பார்த்தாள்.

"புள்ளைகள் எங்க இருக்கிற?"

"அதுகள் ஸ்கூல் வேன்லதானே போகுதுகள்."

"நான்?"

"நீ முன்சீட்டு."

"உம்மா?"

ஹில்மி பொனெட்டைத் தடவினான். அவன் சிக்கல் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. காத்தான்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். ஹில்மியும் ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தான். வீடு நிஸ்மியாவுக்குச் சீதனமாகக் கிடைத்தது. பின்கட்டில் அவளுடைய உம்மா ஆயிஷா உம்மா இருந்தார். பத்திரம் யார் பெயரில் இருந்தால் என்ன, அந்த வீட்டில் கடைசிச் சொல் பின்கட்டிலிருந்துதான் வரும்.

ஆனால் அந்தச் சொல் ஹில்மிக்கு நேராக வராது. மருமகனோடு மாமி முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்று வளர்ந்தவர் ஆயிஷா உம்மா. மார்க்கத்தில் அப்படி ஒரு தடையும் இல்லை, ஊரிலும் இப்போது அதை யாரும் பார்ப்பதில்லை. அவருக்குக் கூச்சம், அவ்வளவுதான். ஹில்மி எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாலும், "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் விடு புள்ள" என்று மகளிடம்தான் சொல்வார். மகள் இல்லாவிட்டால் வீட்டுப் பூனையிடம் சொல்வார். ஹில்மியும் பூனையைப் பார்த்தே பதில் சொல்வான். கல்யாணமான நாளிலிருந்து பூனைகள் எத்தனையோ மாறிவிட்டன, ஏற்பாடு மாறவில்லை.

காரைப் பற்றி நிஸ்மியா அன்றைக்கே ஒரு நிபந்தனை போட்டாள். "நோன்புத் தலைப்பிறை காணுமட்டும் ஒவ்வொரு நாளும் இதிலதான் கடைக்குப் போகணும், இதிலதான் வரணும். இடையில தானா நிண்டாலோ, ஆரையும் வச்சுத் தள்ளினாலோ, அடுத்த நாளே வித்துப்போடணும்."

ஹில்மி யோசிக்காமல் தலையாட்டினான். மட்டக்களப்பு டவுனில் நாள் முழுக்க பொத்தானும் ஸிப்பும் நூற்பந்தும் விற்கிற மனிதன் அவன். தனக்கென்று அழகாக ஒன்று வாய்த்தது இதுதான் முதல் தடவை என்று அவனுக்குப் பட்டது. அந்தக் கார் கைவிட்டுப் போனால் தாங்கமாட்டான். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் விட்டான். சொல்லாமலே சிரித்தார்கள்.

திறப்பைத் திருகினால் கார் ஸ்டார்ட் ஆவது காரின் மனநிலையைப் பொறுத்தது. உருளவிட்டு கியரைப் போட்டால் மட்டும் தவறாமல் உயிர் வரும். உருளுவதற்கு மேடு வேண்டும். காத்தான்குடியோ உள்ளங்கை போல மட்டமான மணல் ஊர். ஆகவே ஹில்மி முற்றத்தில் மண் கொட்டி, பலகை அடுக்கி, ஒரு மேடு கட்டினான். மாலையில் காரை அதன்மேல் ஏற்றிவைப்பான். காலையில் ஹேண்ட் பிறேக்கை விட்டால் கார் கேற்றை நோக்கி உருண்டு, இருமி, குலுங்கி, உயிர்த்துக்கொண்டு ஓடும். ஆயிஷா உம்மா வாசலில் நின்று தினமும் இதைப் பார்த்தார். "முட்ட வாற மாட்டுக்கு வழி விடுற மாதிரி ஒதுங்கி நில்லு" என்று பூனைக்குப் புத்தி சொன்னார்.

டவுனில் மேடு கட்ட முடியாது. கல்லடிப் பாலம் இறங்குகிற சரிவில், ஓரமாக, காரின் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைத்து நிறுத்திவிட்டு, கடைக்கு நடந்தே போனான். வியர்த்து ஊற்றும். "கார்லயா வாறீங்க?" என்று கேட்டவர்களுக்கு, ஓம், கார்லதான் என்று மேல்மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். இடப்பக்கம் திரும்பினால் ஹோர்ன் தானாக அடித்தது. மழை வந்தால் ஒரு கையால் குடை பிடித்தான். இத்தனைக்கும் கார் ஒருநாளும் வழியில் நிற்கவில்லை, யாரும் தள்ளவுமில்லை. நிஸ்மியாவே கொஞ்சம் கலங்கிப்போனாள்.

பிறை பார்க்கிற நாள் வந்தது. அன்றைக்குத்தான் ஆயிஷா உம்மாவுக்குப் புரை எடுத்த கண்ணை டவுன் டொக்டரிடம் காட்டவேண்டும். நோன்புச் சாமான் வாங்க ஊரே இறங்கியிருந்ததால் ஒரு ஓட்டோகூடக் கிடைக்கவில்லை. நிஸ்மியா முழங்காலளவு தண்ணீர் விட்டு வீடு கழுவிக்கொண்டிருந்தாள்.

"மருமகனோட போங்க உம்மா."

"எனக்கும் அவருக்கும் நடுவில ஆரு இருக்கிற?" என்றார் ஆயிஷா உம்மா. நடுவில் இருந்தது கியர் கம்பி மட்டும்தான்.

கறுப்பு அபாயாவும், கண்ணுக்குக் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியுமாக அவர் ஏறி உட்கார்ந்தார். பச்சைக் கார் பிரதான வீதியில் போனபோது ஊரே வாங்கின சாமானை மறந்து பார்த்தது. ஹோர்னும் தன் பங்குக்கு அடித்தது. ஆயிஷா உம்மா பேச ஆளில்லாமல் தவித்து, கடைசியில் முன்னாலிருந்த வேகமானி முள்ளைப் பார்த்து, "மெதுவாப் போனாக் காணும்" என்றார்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா நிண்டுடும்" என்று ஹில்மி ஸ்டியரிங்கிடம் சொன்னான்.

டொக்டர் கண் நல்லா இருக்கு என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது வினை பாலத்தில் காத்திருந்தது. கார் பாலத்தின் உச்சியைத் தாண்டிய கணத்தில், கூரையுமில்லை, திரையுமில்லை, புரையுமில்லை. இரண்டு பக்கமும் வாவி வெயிலில் விரிந்து கிடந்தது. ஆயிஷா உம்மா இத்தனை காலம் ஓட்டோவின் படங்குத் திரைக்குள்ளால் அதைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தார். அவர் வேகமானி முள்ளை நோக்கிக் கையை நீட்டி, "நில்லு நில்லு, ஆத்தப் பாக்கணும்" என்றார்.

மாமியின் சொல் என்றதும் ஹில்மியின் கால் தானாகப் பிறேக்கை மிதித்தது, கை ஹேண்ட் பிறேக்கை இழுத்தது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கிச் செத்தது.

திறப்பைத் திருகினான். கறக் என்றது. மறுபடி திருகினான். அதுவும் சொல்லவில்லை.

நம் ஊரில் ஒரு வண்டி நின்றால் யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, வந்து தள்ளிவிடுவார்கள். ஆரையம்பதியில் மீன் வியாபாரம் செய்கிற வினாயகமூர்த்தி மோட்டார் சைக்கிளை மீன் பெட்டியோடு ஓரத்தில் சாத்திவிட்டு முதலாவதாக வந்தார். அவரைப் பார்த்து நாலைந்து பேர் வந்தார்கள். ஹில்மி பாய்ந்து இறங்கி, காரின் பின்பக்கத்தை மறித்துக் கைகளை விரித்தான்.

"கைய எடுங்க அண்ணன். தள்ளினா நான் இத வித்துப்போடணும்."

"தள்ளாம விட்டா இஞ்சயே வச்சு விக்க வேண்டியதுதான் தம்பி."

பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. ஒருவர் பெற்றோல் முடிந்தது என்றார். ஒருவர் இங்கிலாந்துக் காருக்கு இந்த வெயில் ஒத்துக்காது, நிழல் பிடிக்கணும் என்றார். இன்னொருவர் கேட்காமலே மாமிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார். ஹில்மி ஓடி வந்து சீட்டில் விழுந்து திறப்பைத் திருகினான், இறங்கிப் பின்னால் ஓடினான், மறுபடி ஏறினான். பிறை காண இன்னும் ஒரு பின்னேரம்தான் இருக்க, எல்லாம் போச்சு. அழுதுவிடுவோமோ என்று பயந்தான்.

ஆயிஷா உம்மா ஆற அமர வாவியைப் பார்த்து முடித்தார். பிறகு திரும்பினார்.

"மருமகன், ஹேண்ட் பிறேக்க விடுங்க. பள்ளம்தானே, தானா உருளும்."

ஹில்மிக்குக் கை ஓடவில்லை. பழக்கதோஷத்தில் பூனை எங்கே என்று பார்த்தான். பூனை இல்லை. மாமி அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மனே. காலையில விடுற மாதிரி."

விட்டான். கார் உருண்டது, இருமியது, குலுங்கியது, உயிர்த்தது. வினாயகமூர்த்தி தள்ளக் கிடைக்காத ஏமாற்றத்தோடு கை காட்டினார்.

அவர்கள் வீடு சேருமுன் போட்டோ வீடு சேர்ந்துவிட்டது. நிஸ்மியா ஈரக் கையில் போனோடு கேற்றடியில் நின்றாள். "பாலத்துக்கு நடுவில நிண்டதாமே. உம்மா, நோன்பு வாற நேரம், உள்ளதச் சொல்லுங்க. நிண்டதா, இல்லயா?"

"நிண்டதுதான்" என்றார் ஆயிஷா உம்மா.

ஹில்மி கண்ணை மூடிக்கொண்டான்.

"தானா நிக்கல்ல. நான் நிக்கச் சொன்னன், நிண்டுச்சு. ஒருத்தரும் தள்ளவும் இல்ல."

"ஆருக்குச் சொன்னீங்க? இவருக்கா?"

"காருக்குப் புள்ள. மருமகனோட நான் கதைக்கிறல்லயே."

ஹில்மி ஒரு துணியை எடுத்துப் பொனெட்டைத் துடைக்கத் தொடங்கினான். துடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிறை தென்பட்டது என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். கார் தப்பியது.

பெருநாளுக்குப் பிறகு ஆயிஷா உம்மாவுக்கு எங்கெங்கோ போகவேண்டி வந்தது. ஏறாவூரில் மச்சி, ஓட்டமாவடியில் ஒரு நோயாளி, எங்கும் யாரும் இல்லாவிட்டால் பாலம். காரில் ஏறியதும் அவர் மருமகனிடம் வாய் ஓயாமல் கதைப்பார். கேற் வந்ததும் நிறுத்திவிட்டுப் பூனையைக் கூப்பிடுவார். அந்தக் கார் தினசரி ஓட்டத்துக்கு உதவுமா என்று யாராவது கேட்டால், ஓட்டாமல் விட மாமி விடுவாரா என்று ஹில்மி கேட்பான்.

ஒருநாள் நிஸ்மியா உடுத்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். "நானும் வாறன். ஒருநாளாவது நானும் ஏறிப் பாக்கணும்."

ஆயிஷா உம்மா சீட்டைவிட்டு அசையவில்லை. முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு சீட்டுத்தானே புள்ள. நீ ஓட்டோவில பின்னால வா. நிண்டாத் தள்ளுறத்துக்கும் ஒராள் வேணும்."