நனைக்காத சேலை

வேம்பு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வருவதற்குள் விரிப்பு சுருக்கமில்லாமல், நாலு மூலையும் ஒத்துப் படுத்துவிட வேண்டும். உண்ணாமலைக்கு அந்த ஒரு கவலைதான். வருவது அவள் தம்பி கொளஞ்சியப்பனின் தலைச்சன் பிள்ளை. அத்தை கையால் தைத்த பழஞ்சேலை விரிப்பில் பிள்ளையை முதலில் கிடத்துவது அவர்கள் வீட்டு வழக்கம். தாலியோடு வாழ்கிற பெண்கள் கட்டிப் பழசான சேலைகளைக் கேட்டு வாங்கி, மூன்றடுக்காக வைத்துத் தைப்பார்கள்.

கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்து போன மறுவருஷம் அது. தா.பழூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். அங்கே யார் வீட்டிலும் மிச்சத்துணி என்று அதிகம் கிடையாது. இருந்தும் கேட்ட வீட்டிலெல்லாம் கொடுத்தார்கள், மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் சேர்ந்துவிட்டது. நடுவில் வைக்க ஒரு சேலை குறைந்தபோது கலியம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"குடுக்கறதுக்கு என்ன, குடுக்கலாம். தைக்கிறது யாரு?" என்றாள் கலியம்மாள்.

"நான்தான்க்கா."

"ஓ, நீயா. இருந்தா சொல்லி அனுப்பறேன் போ."

சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு வாசலில் போய் நிற்க உண்ணாமலைக்குக் கால் எழவில்லை. தம்பியிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கோடிச் சேலையை எடுத்தாள்.

சிறுவாச்சூர்ப் பக்கம் பாறைக் கிணற்றில் வெடி வைத்தபோது அவள் புருஷன் மாயவன் செத்துப்போனான். காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடியாகத் தம்பி கொண்டுவந்து அவள்மேல் போர்த்திய சேலை அது. வெள்ளையில் நீலக்கரை. அன்றைக்கு மடித்து வைத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் பிறகு அதை உடுத்தவேயில்லை. நனைத்துவிட்டால் கட்டியாக வேண்டும் என்ற பயத்தில் தண்ணீரில்கூட முக்கவில்லை. கட்டாத சேலையில் என்ன குற்றம் இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நடுவில் இருப்பது யார் கண்ணில் படப்போகிறது? சொல்லிக்கொண்டாளே தவிர, கதவைச் சாத்திக்கொண்டுதான் தைத்தாள்.

கையால் தைத்த விரிப்பு, நூல் இழுத்த பக்கமெல்லாம் கோணிக்கொண்டு போகும். அதை நனைத்துப் பிழிந்து, கோரைப்பாயில் விரித்து, மூலைகளை இழுத்துவிட்டு, ஓரம் நெடுகக் கருவேல முள்ளால் பாயோடு சேர்த்துக் குத்த வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கயிறு பிடித்துப் பார்த்து, அதே கயிறு மற்ற இரண்டு மூலைக்கும் சரியாக நின்றால் விரிப்பு சதுரித்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே நிழலில் காய்ந்தால் பிறகு அசையாது. உண்ணாமலை எத்தனையோ விரிப்பை இப்படிப் படுக்க வைத்தவள்.

இந்த விரிப்பு படுக்கவில்லை. காயக் காய நடுவில் புடைத்து எழுந்தது. ஓர் ஓரத்தில் முள் பிடுங்கிக்கொண்டு வந்தது. மறுபடி தண்ணீர் தெளித்து இழுத்துக் குத்தினாள். இன்னொரு மூலை உள்வாங்கியது. பழஞ்சேலைகள் கல்லில் அடிபட்டு அடிபட்டுச் சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கியவை. இப்போதுதான் முதல்முதலாகத் தண்ணீரைக் கண்ட கோடி, மற்ற இரண்டையும் தன்னோடு இழுத்துக்கொண்டிருந்தது. அது புரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மத்தியானம் வருவதாக இருந்தவர்கள் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். வேம்பின் அம்மா பெரியம்மாள் தோளில் பிள்ளையோடு நடைக்குள் நுழைந்தாள்.

"என்ன உண்ணாமல, நடைக்குள்ளயே வரப்பு போட்டு வெச்சிருக்க? நாத்து எப்ப வுடப்போற?"

"சும்மா இரும்மா," என்று சிரித்தாள் வேம்பு. "நல்லாத்தான் இருக்குது அண்ணி. அவங்களுக்கு வாய் சும்மா இருக்காது."

"வாங்க அத்த. இன்னும் காயல," என்று உண்ணாமலை விரிப்பின் குறுக்கே உட்கார்ந்தாள்.

"காயலன்னா அதுமேல ஏன் உக்கார? அது என்ன, நீலமா எறங்கியிருக்குது?"

மேலடுக்கின் மஞ்சள் துணியில் நீளமாக ஒரு நீலக்கோடு ஊறி வந்திருந்தது. அவர்களை அழைத்துவரப் போய், பின்னாலேயே வந்து மூட்டையை இறக்கி வைத்த கொளஞ்சியப்பன் அந்தக் கோட்டைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை.

"நான்தான் வாங்கியாந்தேன்," என்றான். "அரியலூர்க் கடையில. புதுத்துணி."

"புதுத்துணிய நனைக்காமயா தைப்பாங்க? அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே புத்தி போ." பெரியம்மாள் மகளோடு உள்ளே போனாள்.

தம்பி சொன்னதில் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட உண்ணாமலைக்கு இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. அவன் பிள்ளைக்குச் செய்யக்கூடாததைச் செய்து, அதை மறைக்கும் வேலையையும் அவன் தலையிலேயே வைத்துவிட்டோமே என்றிருந்தது. அவன் எதிரில் குந்தி ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினான்.

"திட்டுடா," என்றாள்.

"அத வாங்கறப்ப கடைக்காரர் கேட்டாரு, நல்லதுக்கா கெட்டதுக்கான்னு. எனக்கு வாய் வரலக்கா. நல்லதுக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் ஓரத்துத் தையலைப் பிரித்தாள். இருவருமாகப் பிடித்து இழுத்துக் கோடியை வெளியே எடுத்து, ஆளுக்கொரு முனையாகப் பிழிந்தார்கள். தண்ணீர் கேட்டு வெளியே வந்த பெரியம்மாள் அப்படியே நின்றாள். வெள்ளையும் நீலமும் முறுக்கிக்கொண்டு கிடந்ததை அவள் பார்த்த பார்வையில், எந்தச் சேலை என்று கேட்க அவசியமில்லை என்று தெரிந்தது. கொளஞ்சியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் உண்ணாமலை நினைத்தாள். போகட்டும், அதுதான் சரி என்றும் நினைத்தாள்.

பெரியம்மாள் திரும்பி வந்தபோது அவள் கையில் ஊரிலிருந்து மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த தன் பழஞ்சேலை ஒன்று இருந்தது. பாயின்மேல் போட்டாள்.

"இத நடுவுல வெச்சுத் தை. வெளுத்து வெளுத்து நஞ்சுபோனது, இனி சுருங்காது."

உண்ணாமலை அதைத் தொடவில்லை.

"ஒரு சீலைக்காக எத்தன வாசல் ஏறுன? எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல?"

அவளிடமும் இல்லையென்ற பதில்தான் வரும் என்று முன்கூட்டியே முடிவு கட்டியதை உண்ணாமலை எப்படிச் சொல்வாள்? பெரியம்மாள் ஊசியில் நூலைக் கோத்து அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் கீழ் ஓரத்தைத் தானே பிடித்துக்கொண்டாள்.

உண்ணாமலை தைத்தாள். இருட்டுவதற்குள் முடிந்தது. மறுநாள் விரிப்பு பாயில் அடங்கிப் படுத்தது. பிள்ளையை அதில் கிடத்தச் சொல்லி வேம்பு இரண்டு முறை கூப்பிட்டாள். உண்ணாமலை கொல்லையில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நின்றாள். மூன்றாம் முறை பெரியம்மாளே பிள்ளையோடு கொல்லைக்கு வந்து, ஈரக்கையென்றும் பாராமல் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.