சுவிட்ச் பக்கத்தில் லோகேஸ்வரி

மரத்தில் பல் வெட்டும் ரவுட்டர் மிஷின் போன வருடம் சுகுமாரனின் சுட்டுவிரல் நுனியை எடுத்துவிட்டது. அதன்பிறகு இன்றுதான் லூனாஸ் ஊரிலுள்ள பட்டறையில் அவன் அதை மறுபடி தொட்டான். மேசை டிராயருக்கான பலகையை ஜிக் சட்டத்தில் இறுக்கிவிட்டு, அசைகிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தான்.

"வேணாம்லா, வேற ஆள வெச்சுக்கலாம்," என்றாள் மனைவி லோகேஸ்வரி.

"நான்தான் வெட்டணும். நீ சுவிட்ச் பக்கத்துல நில்லு."

முதல் சில பற்கள் சுத்தமாக விழுந்தன. பிறகு கணு தட்டி மிஷின் துள்ளியது. அவள் படக்கென்று சுவிட்சை அணைத்தாள்.

அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காயமில்லை, பலகைதான் பிளந்திருந்தது.

"போதுங்க."

"சுவிட்சப் போடு," என்றான், வேறு பலகையை இறுக்கியபடி.

இந்த முறை எதுவும் தட்டவில்லை. புறா வால்போல் விரிந்த பற்கள் எதிர்ப்பலகையின் பள்ளங்களில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. லோகேஸ்வரி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.