இரண்டாவது கையெழுத்து

ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல். பள்ளி விளையாட்டுக் கூடத்தில் எடை பார்க்கும் வரிசை சுவரைச் சுற்றி வளைந்து, கதவைத் தாண்டி வெயில் வரைக்கும் நீண்டிருந்தது. வெர்னெட்டா கோழி ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டாலும் கோழிக் கொழுப்பின் வாடை முழங்கை வரைக்கும் ஒட்டியிருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் வழக்கம்போல மரத்துப் போயிருந்தன. அவற்றை மடக்கி நீட்டிக்கொண்டே நின்றாள். அவளுக்கு முன்னால் மகன் ஜமாரி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு இடத்துல நில்லுடா. தரை என்ன சுடுதா?"

"நின்னுட்டுதான மம்மா இருக்கேன்."

அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பு வரைக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகள் இடுப்பில் துணிப்பட்டை கட்டிக்கொண்டுதான், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பாலை ஆடுவார்கள். எதிராளியின் பட்டையை உருவிவிட்டால் போதும். ஏழாம் வகுப்பில்தான் தலைக்கவசமும் தோள்கவசமும் கைக்கு வரும். அதன்பிறகு ஓடிவருகிறவன்மேல் பாய்ந்து, அவனைத் தரையில் சாய்க்க வேண்டும். ஜமாரி இதற்காக இரண்டு கோடை காத்திருந்தான்.

எடைக்கருவி நூற்று ஐம்பத்தெட்டு பவுண்டு காட்டியது. கோச் டில்லார்ட் முள்ளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், சீழ்க்கையடித்தார். ஐம்பது வயது, வெயிலில் வெந்து சிவந்த கழுத்து.

"டோர்ஸி டாக்கெட் பையனா நீ? உங்கப்பன் ஓடி வந்தா ஓரத்துல நின்ன எங்களுக்கே தரை அதிரும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"நீயும் அதிர வைப்பியா?"

"வைப்பேன் சார்."

வெர்னெட்டா சிரித்துவிட்டாள். அணியில் சேரும் அனுமதிப் படிவத்தில் தாய் என்று போட்டிருந்த இடத்தில் அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டாள். மரத்த விரலால் எழுத்து கோணியது. கீழே தந்தைக்கான கோடு காலியாக இருந்தது. "திங்கட்கிழமைக்குள்ள குடுத்துடு வெர்னெட்டா. இவனுக்கு ஒரு சட்டை எடுத்து வச்சிடறேன்" என்றார் கோச்.

டோர்ஸி அன்று கையெழுத்துப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. அவன் ஆலைக்கு லாரி ஓட்டினான். பண்ணை பண்ணையாகப் போய், கூண்டுகளில் அடைத்த உயிர்க்கோழிகளை ஏற்றிவருவது வேலை. வந்ததும் சட்டையைக் கழற்றி வாசற்படியில் உதறிவிட்டு, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு உட்காருவான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்பான். படிவம் மேசையில் உப்புக் குப்பிக்கு அடியில் கிடந்தது. அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் வைக்கும்போதெல்லாம் வெர்னெட்டா அதை அவன் பக்கமாக நகர்த்தி வைப்பாள். அவன் தட்டை அதன்மேல் வைத்துச் சாப்பிடுவான்.

"டாடி, பேனா வேணுமா?" என்றான் ஜமாரி.

"வேணும்னா கேக்கத் தெரியாதா எனக்கு?"

பையன் எழுந்து போய்விட்டான். பின்கட்டுச் சுவரில் அவன் தோளால் மோதும் சத்தம் கேட்டது. தொப், தொப் என்று விடாமல் மோதினான். டோர்ஸி நெற்றியை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டான்.

"அவன நிறுத்தச் சொல்லு வெர்னி."

"நீ ஒரு கையெழுத்துப் போடு, நிறுத்திடுவான். அவன் என்ன திருடவா போறான்? எங்கூட ஆலையில நிக்கற லூவெல்லாவோட அக்கா மகன் இதுலதான காலேஜுக்குப் போனான்? நம்மகிட்ட வேற என்ன இருக்கு அவனுக்குக் குடுக்க?"

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கப் போற? உனக்கு இருந்ததெல்லாம் அவனுக்கு இருக்கக்கூடாதா?"

டோர்ஸி ஒரு கணம் அவளை யாரோபோலப் பார்த்தான். பிறகு எழுந்து வெளியே போய் லாரியின் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

ஆலையில் மேற்பார்வையாளர் மிஸ்டர் பைக்கும் கேட்டார். ஊர் அணிக்குப் பணம் திரட்டும் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தலைக்கவசங்கள் ஆலையின் செலவு. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஆலையின் சிவப்புச் சேவல் ஒட்டியிருக்கும். வெட்டும் வரிசையில் நின்ற வெர்னெட்டாவின் பின்னால் வந்து, இரைச்சலுக்கு மேலே குனிந்து பேசினார்.

"உன் பையன் காகிதம் இன்னும் வரலயாமே, வெர்னி?"

"வந்துரும் மிஸ்டர் பைக். அவங்கப்பாவுக்கு நேரமே கிடைக்கல."

"கை எப்படியிருக்கு உனக்கு?"

"மரத்துப் போகுதுங்க. நர்ஸ் ஐஸ் வச்சுவிட்டாங்க."

"எடை போடற மேசை காலியாகுது. உக்காந்து பாக்கற வேலை. நம்ம டீம் குடும்பமா பாத்துக் குடுக்கலாம்னு நெனைச்சிட்டிருக்கேன்." தோளில் ஒருமுறை தட்டிவிட்டு நகர்ந்தார். பக்கத்தில் நின்ற லூவெல்லா முகமூடிக்குள்ளிருந்தே சொன்னாள். "உன் புருஷன் கையப் புடிச்சாவது போட வை. இல்லாட்டி நான் வந்து போடறேன்."

சனிக்கிழமை பக்கத்து ஊருக்குப் பையனுக்குக் காலணி வாங்கக் கிளம்பினார்கள். படிவத்தை வெர்னெட்டா கைப்பையில் வைத்திருந்தாள். கடையில் வைத்துப் போட வைத்துவிடலாம் என்று எண்ணம். டோர்ஸி ஓட்டினான். இருபுறமும் பைன் மரங்கள். நாற்சந்தி வந்ததும் கார் நின்றது. பின்னால் வந்த ஒரு வண்டி ஒலியெழுப்பிச் சுற்றிக்கொண்டு போனது. டோர்ஸி அசையவில்லை.

"என்ன, டயரா?" என்றாள்.

"ம். டயர்தான்."

இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு அருகே குந்தினான். அவளும் இறங்கினாள். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. அவன் அதைத் தொடக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, மடிப்புகளைப் பிரித்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தான். வியர்வையில் ஊறித் துணிபோல ஆகியிருந்த காகிதம். வெர்னெட்டா அதை அவன் கையிலிருந்து உருவினாள்.

பென்சிலில் பெரிய எழுத்துகள். *மெக்காஸ்கில் பண்ணை: எரிந்துபோன சர்ச் தாண்டி இடது. ஸ்டவல் பண்ணை: நீலத் தண்ணீர்த் தொட்டி, வலது. ஆலை: புகைக்கூண்டைப் பார்த்துப் போ.* அடியில் தனியாகக் கட்டம் போட்டு: *வீடு: நாற்சந்தியில் நேராக. வெர்னியின் கார் வெள்ளை.*

அவன் பதினெட்டு வருடமாக ஓட்டும் சாலை அது.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா. தினமும் இல்ல. சில நாள் எல்லாம் சரியா இருக்கு. சில நாள் யாரோ வந்து ரோட்ட மாத்தி வச்ச மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட போகல?"

"போனா எழுதுவாரு. எழுதினா லாரி லைசென்ஸ் போச்சு." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பதினேழு வயசுல ஒரே சீசன்ல நாலு தடவ ஆட்டத்துல தல மோதி மயங்கி விழுந்தேன் வெர்னி. மயக்கம் தெளிய மூக்குல நெடி அடிக்கிற உப்பு காட்டுவாங்க. கண்ணு திறந்ததும், எத்தன விரல்னு கேப்பாங்க. எப்பவும் ரெண்டுதான் காட்டுவாங்க. ரெண்டுன்னு சொல்லிட்டு உள்ள ஓடிடுவேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "அந்த லாரிய ஓட்டிட்டுதான இருக்க? இதே ரோட்டுலதான பள்ளிக்கூட பஸ் போகுது?"

"அது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறியா?"

காருக்குள்ளிருந்து ஜமாரி கத்தினான். "கடைய மூடிடுவாங்க மம்மா!"

வெர்னெட்டா ஓட்டுநர் பக்கம் போய் உட்கார்ந்தாள். காரைத் திருப்பி வீட்டுக்கே விட்டாள். ஏன் என்று பையன் வழி முழுக்கக் கேட்டான்.

ஞாயிறு முழுவதும் அவர்கள் அடங்கிய குரலில் பேசினார்கள். வேண்டாம் என்பது முடிவாகிவிட்டது. என்ன காரணம் சொல்வது என்பதில்தான் இழுபறி. சர்ச் மேல் பழி போடலாம் என்றாள் அவள். பையனுக்கு மூச்சிழுப்பு என்று சொல்லலாம் என்றான் அவன். அவனுக்கு இழுப்பு இல்லை என்பது ஊருக்கே தெரியும். கடைசியில், ஒன்றும் சொல்லாமல் மாட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது என்று ஆனது.

திங்கள் மாலை பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் பெற்றோர் கூட்டம். பையன்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கோச் புதுத் தலைக்கவசம் ஒன்றை மேசையில் தட்டிக் காட்டினார். பைக் சேவல் படம் போட்ட சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். படிவம் தராதவர்களின் பெயரைக் கோச் வாசித்தார். டாக்கெட் என்றதும் டோர்ஸி எழுந்தான்.

"என் பையன் ஆடமாட்டான் கோச்."

கோச் சிரித்தார். அப்புறம்தான் அவன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார். "ஏன்ப்பா?"

"வேண்டாம். அவ்வளவுதான்."

"என்ன டோர்ஸி, தையல் கிளாஸுக்கு அனுப்பப் போறியா?" என்றார் பைக். கூடம் சிரித்தது. "நூற்று ஐம்பத்தெட்டு பவுண்டுப் பையன வீட்டுல பொம்மை மாதிரி வச்சிருக்கியே!"

பின்வரிசையில் ஜமாரி தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். வெர்னெட்டா டோர்ஸியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு. போதும், வா போலாம்."

அவன் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். முதல் வரியிலிருந்து வாசித்தான், ஒவ்வொரு பண்ணையாக, இடது, வலது. யாருக்கும் புரியவில்லை. சிலர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். "வீடு: நாற்சந்தியில் நேராக. வெர்னியின் கார் வெள்ளை" என்று முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

"இத எழுதி வச்சுக்கிட்டுதான் நான் வேலைக்குப் போறேன். எனக்கு நாப்பத்தியொரு வயசு" என்றான். "கோச், அந்த உப்புப் பொட்டலத்த நீங்கதான் உடைச்சு மூக்குல வச்சீங்க. உங்கமேல கோவமில்ல. நீங்களும் அப்ப சின்ன வயசு. ஆனா எத்தன தடவ உடைச்சீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இல்ல."

கோச் தலைக்கவசத்தை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லூவெல்லா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுடைய மகனின் படிவம் ஏற்கெனவே மேசைமேல் இருந்தது. அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஆலை வாசலில் பைக் காத்திருந்தார். லாரிச் சாவிக்குக் கையை நீட்டினார். "நீயே எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட. இனி உன்ன ரோட்டுல விட்டா நான்தான் பதில் சொல்லணும். இல்லையா?" அது சரிதான் என்று டோர்ஸிக்கும் தெரிந்தது. சாவியைக் கொடுத்தான். "குடும்பஸ்தன்னு பாத்து வெளிய அனுப்பல. கோழி மாட்டற அறையில ஆள் வேணும். அதுக்கு வழி தெரிய வேண்டாம்" என்றார் பைக்.

கோழி மிரளாதிருக்க அந்த அறையை இருட்டாகவே வைத்திருப்பார்கள். மங்கிய நீல விளக்கு மட்டும் எரியும். உயிர்க்கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி, தலைகீழாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். நிமிடத்துக்கு இருபதுக்குக் குறையக்கூடாது. புது ஆட்கள் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள். டோர்ஸி ஓடவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தவில்லை என்றான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நகக் கீறல்கள். எடை போடும் மேசை லூவெல்லாவுக்குப் போனது. அவள் இரண்டு நாள் வெர்னெட்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "எனக்கும் முதுகு போச்சு வெர்னி" என்று மட்டும் சொன்னாள்.

ஜமாரி பதினோரு நாள் அப்பாவோடு பேசவில்லை. பள்ளியில் அவனை யாரோ ஒருவன் பொம்மை என்று கூப்பிட்டிருக்கிறான். இவன் அவன் உதட்டைக் கிழித்துவிட்டு வந்தான். பன்னிரண்டாம் நாள் மாலை டோர்ஸி வாசற்படியில் கைகளுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தபோது, பையன் வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான்.

"என்னைக் கூட மறந்துடுவியா?"

டோர்ஸி மருந்துக் குப்பியை மூடினான். "இன்னிக்கு இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கு வந்து கேளு."

பையன் குப்பியை வாங்கித் திறந்தான். அப்பாவின் கை எட்டாத முழங்கைப் பின்புறத்தில் தடவிவிட்டான். ஆனாலும் கோபம் போகவில்லை. அழுத்தித்தான் தடவினான்.

சீசனின் முதல் ஆட்டம் வெள்ளிக்கிழமை. அணியில் பிள்ளை இருக்கும் பெற்றோரை மூன்று மணிக்கே விட்டுவிடுவது ஆலையின் வழக்கம். மணியடித்ததும் வெட்டும் வரிசையிலிருந்து ஐந்து பெண்கள் கத்தியை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். கதவருகே பைக் ஆளுக்கொரு சேவல் சட்டை கொடுத்தார். ஒருத்தி அதை அங்கேயே, ஈர மேலங்கியின் மேலேயே மாட்டிக்கொண்டு கைதட்டினாள். சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள்.

வெர்னெட்டாவின் வலப்புறம் இரண்டு இடம் காலி. இடப்புறம் ஒன்று. கோழிகள் கூம்புகளில் குத்தி நிறுத்தப்பட்டு, ஓடும் பட்டையில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. காலையில் டோர்ஸி அந்த நீல இருட்டில் மாட்டியவை சுடுநீரும் ஐஸ்நீரும் கடந்து, பிற்பகலில்தான் அவள் முன்னால் வந்து சேரும்.

"காலி இடத்தையும் சேத்துப் பாத்துக்குவ இல்ல வெர்னி?" என்று பைக் தூரத்திலிருந்தே கேட்டார். பதிலுக்கு நிற்காமல் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளிக்கதவைத் தள்ளினார்.

கதவு திறந்த நேரத்துக்கு மைதானத்துப் பக்கமிருந்து பேண்ட் டிரம்களின் ஒத்திகை கேட்டது. பிறகு மூடிக்கொண்டது. அவள் தன் இடத்துக்கும் வலப்புறக் காலி இடத்துக்கும் நடுவில் நகர்ந்து நின்றாள். தன்முன் இருந்ததன் தோளை வெட்டி இழுத்துவிட்டு, அடுத்ததற்கு எட்டிக் கையை நீட்டினாள். அதற்குள் மூன்றாவது வெட்டுப்படாமலே அவளைக் கடந்து போயிற்று. பட்டையின் வேகத்தை யாரும் குறைத்திருக்கவில்லை.