பதினோராம் இலக்கம்

புருசெத் மைதானத்தில் கல்லூரிக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டம். நாவலடிக் கல்லூரிக்கும் ஆலடிக் கல்லூரிக்கும் போட்டி. ஆடுகிற பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் வாசற்படலையை மிதித்ததில்லை. அதனாலென்ன? தகப்பன் படித்த பள்ளிக்கு மகன் ஆடவேண்டும். ஒஸ்லோவில் அதுதான் எங்கள் சட்டம்!

அறிவிப்பாளர் கூடாரத்தில் இரண்டு பேர். தொலைக்காட்சி நேரலைக்கு ரிசாந், வானொலிக்குக் கமலேஸ்வரி. படம் காட்டத் தெரியாதவர்களுக்குத்தான் இவ்வளவு வாய் வேண்டும் என்று வானொலிக்காரரை நக்கலடிக்கிறவன் ரிசாந்.

கமலேஸ்வரியின் மகன் பிரசாந் அன்று நாவலடிக்கு ஆடினான். தாய் மகன் பக்கம்தானே கதைப்பாள் என்று ஆலடிக்காரர் முறைப்பாடு வைத்துவிட்டார்கள். "ஒரு சொல்லு மகன் பக்கம் சரிஞ்சாலும் இனி உங்களுக்கு மைக் இல்லை, அக்கா" என்று ஏற்பாட்டுக்குழு சொல்லிவிட்டது. அந்த மைக்தான் அவளுக்கு உயிர்.

"பயமா இருக்கோ, அக்கா?" என்றான் ரிசாந்.

"ஓம் தம்பி."

பந்தைத் தொடுகிறவனை இன்னாருடைய பிள்ளை என்று சொல்வது வானொலி வழக்கம். சனம் கேட்பதே அதற்காகத்தான். "திராமன் சிவநாயகியின்ரை மூத்தவர்", "பியோர்ண்டால் பரமநாதன்ரை கடைக்குட்டி" என்று அவள் எல்லோரையும் ஊரோடும் குடும்பத்தோடும் கொண்டாடினாள். பிரசாந் மட்டும் பதினோராம் இலக்கம். அவன் கோல் போட்டபோதும் அவ்வளவுதான். இவள் பெற்றவள்தானா என்று ரிசாந் திரும்பிப் பார்த்தான்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து தண்ட உதைக்குப் போனது. கடைசி உதை பிரசாந்துக்கு. தவறவிட்டால் கிண்ணம் ஆலடிக்கு. கமலேஸ்வரி மைக்கைக் கிட்ட இழுத்தாள்.

"பதினோராம் இலக்கம் ஓடி வாறார்... அடிக்கிறார்... பாய்ஞ்சு பிடிச்சிட்டார் கவிசன்! சபாரத்தினத்தின்ரை மகன்! என்ன பாய்ச்சல், என்ன பிடி! கிண்ணம் ஆலடிக்கு!"

குரலில் ஒரு இழை பிசகவில்லை. அடுத்த வீட்டுக் கல்யாணத்தைத் தன் வீட்டுக் கல்யாணமாகச் சொல்கிறாளே, அம்மாடி! ரிசாந்துக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆலடிக்காரர் கவிசனைத் தோளில் தூக்கினார்கள். பிரசாந் புல்லில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டான். ஒருவரும் அவனருகே போகவில்லை. நடுவரின் கடைசி விசில் ஒலித்தது.

கமலேஸ்வரி ஒரு மூச்சு எடுத்தாள்.

"ஆட்டம் முடிஞ்சுது, நேயர்களே. இனிச் சொல்லலாம். அங்கை தனிய இருந்து அழுகிறவர் பிரசாந். என்ரை மகன்."

நேரலையில் ரிசாந் பேசவேண்டிய நேரம். அவன் தன் ஒலிவாங்கியையும் அவள் முன்னால் நகர்த்தி வைத்தான்.