மலைக்கு மேலே நாற்பது நிமிஷம்

அண்ணன் ஒன்றை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அப்பீலே கிடையாது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே தலைமைப் பொறுப்பு தங்கைக்குக் கிடைத்திருந்தது. அண்ணன் அம்மாவைக் காட்டி முட்டுக்கட்டை போட்டான். அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுமாம்.

ஆகாயவழியில் நூற்றெண்பது கிலோமீட்டர்தான், நாற்பது நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மலையைச் சுற்றிப் போகும் சாலையிலோ நானூற்றுச் சொச்சம். ஆனால் பழைய கார் வாங்கி விற்கிற அண்ணனுக்கு விமானம் என்றாலே இளக்காரம். காத்துக் கிடப்பதையும் சேர்த்தால் தன் கார்தான் முந்தும் என்று அடித்துச் சொன்னான். பேச்சு வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. ஒரே காலையில் புறப்படுவது. அங்கே அவளுக்கு ஒதுக்கியிருந்த வீட்டுக்கு யார் முதலில் போய்ச் சேருகிறார்களோ அவர்கள் சொல்வதே முடிவு. முட்டிவலிக்கு எட்டு மணி நேரம் காரில் தாங்காது என்று அம்மா மகளோடு கிளம்பிவிட்டாள்.

விமான நிலையம் என்பது பெயருக்குத்தான். ஒரு கூடம், நாலு பெஞ்சு, ஒரு தராசு. டிக்கெட் பார்த்தவரே பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். சின்ன விமானம் என்பதால் ஆட்களையும் எடை போட்டார்கள். தராசு காட்டிய எண்ணை அம்மா கையால் மறைக்கப் பார்த்தாள்.

அதற்குள் போய் இறங்க வேண்டிய ஊரில் பனிமூட்டம் என்று செய்தி வந்தது. விமானம் அசையவில்லை. அண்ணன் வழியிலிருந்து போன் போட்டு, பாதி தூரம் தாண்டியாயிற்று, பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றான். பகல் ஒரு மணிக்குள் விலகாவிட்டால் இன்றைக்கு விமானம் இல்லை என்று டிக்கெட்காரர் கையை விரித்தார். அவளுடைய பத்து வருஷ உழைப்பு ஒரு பனிமூட்டத்தில் போய்விடும் போலிருந்தது. அம்மா மட்டும் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

ஒரு மணி அடிக்கச் சற்று முன்னால் ஏறச் சொன்னார்கள். காலையிலிருந்து அண்ணன் சுற்றிக்கொண்டிருந்த மலை சன்னலுக்குக் கீழே வந்தது, போனது. அம்மா காதில் பஞ்சு வைத்து ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் இறங்கியாயிற்று.

வீட்டு வாசலில் கார் இல்லை. தெரு முனைவரை போய்ப் பார்த்தாள், அங்கும் இல்லை. வெறும் கூடத்தின் நடுவில் நின்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது அம்மாதான் கதவைத் திறந்தாள். அவன் தோற்றாலும் விடுகிற ஆளா? இன்றைக்கு மூட்டம் விலகியது, அவசரத்துக்கு விலகாவிட்டால் என்ன செய்வதாம் என்று ஆரம்பித்தான்.

"போன மழையில நான் வழுக்கி விழுந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள் அம்மா. "வெளியூர்ல பயிற்சியில இருந்த இவ அன்னிக்கே பஸ்ஸைப் பிடிச்சு வந்தா. ரெண்டு தெரு தள்ளி இருக்கிற நீ மறுநாள் சாயங்காலம்தான் எட்டிப் பார்த்தே. இவ பனி விலகின உடனே வருவா. எனக்கு அது போதும்டா."

அண்ணன் உள்ளே போய் வெகு நேரம் முகம் கழுவினான். துடைத்துக்கொண்டே வந்து, "எப்போ சேரணும்?" என்று தங்கையைக் கேட்டான்.

"நாளைக்கே," என்றாள் அவள்.