வாத்து அண்ணிக்கு இரண்டாவது ஜோடி

அன்று சலவைக் கூடத்தின் சுத்தப் பக்கத்தில் இருந்தவர்கள்: இஸ்திரி உருளைக்குள் படுக்கை விரிப்பைக் கொடுக்கும் வாத்து அண்ணி, மறுபுறம் அதை வாங்கி மடிக்கும் அவளுடைய நாத்தனார், இடுப்பில் சாவிகள் குலுங்க நடக்கும் மேற்பார்வைக்காரி. அவளுக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர்.

அண்ணிக்குத் தட்டைப் பாதம். ஈரக்காலோடு நடந்தால் மற்றவர்களின் தடத்தில் நடுவே ஒரு வளைவு விடுபடும். அவளுடையது அப்பளம் ஒட்டியதுபோல முழுசாக விழும். வாத்து என்ற பேர் அதனால் வந்ததுதான். இத்தனை வருடம் அது வலித்ததில்லை. உருளைக்கு முன்னால் நாளெல்லாம் நிற்க ஆரம்பித்த பிறகுதான் உள்கணுக்காலில் வலி வந்தது. கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தவளைச் சாவிக்கொத்து பார்த்துவிட்டாள்.

"இன்னொரு தடவ உக்காந்தா அழுக்கறைக்கு மாத்திருவேன். அங்க நாற்காலி இருக்கு."

அழுக்கறையில் கறைத் துணிகளைப் பிரிப்பார்கள். சன்னல் கிடையாது. அங்கே போனவர் அன்று திரும்பி வர முடியாது. அழுக்கு இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதென்று இடைக்கதவு பூட்டியே இருக்கும். வேலை முடிந்தால் பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும்.

அண்ணிக்கு நாற்காலி வேண்டாம். இங்கே பெரிய சன்னல் இருந்தது. ஆவி எழும்பி அதில் படரும்போது வெளியே தெரியும் கூரைகள் கரைந்துபோகும். விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல நகர்ந்து போகும். அவற்றின் ஓரத்தைப் பிடித்தபடி அவளும் எங்கோ போய்க்கொண்டிருப்பாள். வீட்டில் ஒருவரும் அவளை அப்படிப் போகவிட்டதில்லை.

இந்தச் சன்னலை விட்டுப் போகாமலிருக்கத்தான் நாத்தனாரோடு பாத வைத்தியரிடம் போனாள். நுனிக்காலில் நிற்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தாள். தரையில் அப்பிக்கிடந்த பாதத்தின் அடியில் மெதுவாக ஒரு வளைவு திறந்தது. அதன் வழியே வெளிச்சம் நுழைந்தது. தன் காலுக்குக் கீழே இப்படி ஓர் இடம் இருப்பதை அவள் அறிந்ததேயில்லை.

"வளைவு எங்கயும் போயிடல. உடம்போட எடை மேல இறங்கினா படுத்துக்குது, அவ்வளவுதான்," என்றார் அவர். காலணிக்குள் வைத்துக்கொள்ள, வளைவைத் தாங்கும் சோல் ஒரு ஜோடி கொடுத்தார். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கெண்டைக்கால் தசையை நீட்டவும் நுனிக்காலில் ஏறி இறங்கவும் சொல்லிக்கொடுத்தார்.

சுத்தப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். வாசலில் மாட்டினால் சாப்பாட்டு மணிவரை கழற்றக் கூடாது. வெறுங்கால் தரையில் படவே கூடாது. முதல் நாளே அண்ணி சோல்களைப் பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டு உருளைக்கு முன்னால் நின்றாள். வெயில் ஏறியபோது கூழாங்கல்லை மிதித்து நிற்பதுபோல் இருந்தது.

"என்ன அண்ணி, வாத்து நொண்டுது?" என்றாள் நாத்தனார்.

"துணியோட உன் வாயையும் சேத்து மடி."

"சோல் போட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"வந்ததுலேருந்து."

"ஒரு மணி நேரம்னுதானே சொன்னாரு? நானும்தானே கூட இருந்தேன்."

"நடுவுல கழட்டிட்டு அந்தரத்துலயா நிக்கறது?"

"எங்கண்ணன் வாத்தைக் கட்டிக்கிட்டான்னுதான் நெனச்சேன். கழுதையையும் சேத்துல்ல கட்டியிருக்கான்."

விடுப்பில் போயிருந்த ஒருத்தியின் பூட்ஸ் கழுவி அலமாரியில் காய்ந்துகொண்டிருந்தது. நாத்தனார் அதை எடுத்து வந்தாள். ஒரு விரிப்பைத் திரைபோலப் பிடித்தாள். அதற்குப் பின்னால் அண்ணி கால் மாற்றினாள். வலி உடனே போகவில்லை. நாலைந்து விரிப்புகள் போன பிறகு, தூக்கம் கலைவதுபோல மெல்லக் கலைந்தது. துணியைக் கொடுக்கும்போதெல்லாம் அவள் நுனிக்காலில் எழும்பினாள். எழும்பும்போது பூட்ஸின் இருட்டுக்குள் அந்த வளைவு திறப்பதை உணர்ந்தாள்.

சாவிக்கொத்து உருளைக்கு அடியில் சோலோடு கிடந்த ஜோடியைக் கண்டுபிடித்தாள்.

"அடுத்தவங்க பூட்ஸை எடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்," என்றாள் நாத்தனார். "அண்ணிக்காக எடுத்தேன். சோல் வச்சது கொஞ்ச நேரத்துக்கு, வெறும் பூட்ஸ் மிச்ச நேரத்துக்கு. அவங்க பேருக்கு ரெண்டு ஜோடி வச்சிட்டா அடுத்தவங்களோடதைத் தொட வேண்டியதில்ல."

சாவிக்கொத்து அண்ணியின் கால்களைப் பார்த்தாள். பிறகு அலமாரிப் பக்கம் போய்ப் புது ஜோடி ஒன்றைக் கொண்டு வந்து அண்ணியின் முன்னால் வைத்தாள்.

"லீவுல இருக்கறவங்க பூட்ஸைக் கழுவி அலமாரியில வச்சிருங்க. உக்காந்து பூட்ஸ் மாத்தறதுக்குன்னு ஒரு பலகை போடச் சொல்றேன்," என்றாள். நாத்தனாரிடம் திரும்பினாள். "ஆனா கேக்காம எடுத்தது எடுத்ததுதான். இன்னிக்கு நீ அழுக்கறைக்கு."

"நான் போறேன், விடு," என்றாள் அண்ணி.

"நீங்க போறதுக்கா நான் இவ்வளவு பண்ணினேன்? துணியைக் குடுங்க அண்ணி, உருளை சும்மா சுத்துது."

நாத்தனார் கைகளைத் துடைத்துக்கொண்டாள். "நாற்காலிக்குக் கை வச்சிருக்கா மேடம்? தூங்கறதுக்கு வசதியா இருக்கும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அடுத்த விரிப்பை எடுத்தாள். நாத்தனார் அழுக்கறைக்குள் போனாள். சாவிக்கொத்து கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, விரிப்பை வாங்கி மடிக்கத் தானே மறுபுறம் வந்து நின்றாள்.