மூன்றாம் நம்பர் கேமராவில் ஒரு மீசை

தேசியப் பூங்கா அலுவலகத்தில் படம் பிரிக்கிறவளுக்கு எந்த விலங்கின் மேலும் கோபம் வந்ததில்லை. கோபமெல்லாம் ஒரு மீசையின் மேல்தான்.

காட்டுக்குள் மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்கள், எதிரே சூடான உடம்பு எது அசைந்தாலும் தாமாகவே படம் எடுத்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தப் படங்கள் அவள் மேசைக்கு வரும். மான் ஒரு பக்கம், பன்றி ஒரு பக்கம் என்று பிரித்து எண்ணுவது அவள் வேலை. மனிதர் விழுந்த படங்களைக் கணக்கில் சேர்க்காமல் தனியே ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஆற்று மடுவின் கரையில் இருக்கும் மூன்றாம் நம்பர் கேமராவில் ஒதுக்க வேண்டியதுதான் அதிகம். காலை ஏழு மணிக்கு டாண் என்று ஒரு பெரிய மீசை வந்து நிற்கும். கேமராவின் கறுப்புக் கண்ணாடியில் முகம் பார்த்து, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று சாவகாசமாகச் சீவிக்கொள்ளும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். மீசைக்குச் சொந்தக்காரர் மடுப் பக்கத்து வனக்காவலர். அவளுடைய அக்கா வீட்டுக்காரர் வேறு.

“மாமா, அது கேமரா. உங்க வீட்டு பீரோ கண்ணாடி இல்ல.”

“அழிச்சிடும்மா. அதிகாரி அம்மா பார்த்தா என் மானம் போயிடும்.”

“அழிக்க மாட்டேன். உங்க மக கல்யாணத்துல பெருசாப் போட்டுக் காட்டப் போறேன்.”

மாமா நல்லவர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். அரை அடி மீனைப் பார்த்தாரென்றால் வீடு வந்து சேர்வதற்குள் அது மூன்று அடி வளர்ந்திருக்கும். அதனால் மடுவில் நீர்நாய்க் குடும்பம் இருக்கிறது என்று அவர் சொன்னபோது அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த ஆற்றில் நீர்நாயைப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. மாமா விடவில்லை. பார்த்த நாளெல்லாம் பதிவேட்டில் எழுதிவைத்தார், பதினான்கு தடவை. அவளும் ஒவ்வொரு முறையும் கேமராவின் விலங்குப் படங்களில் தேடிவிட்டு, நீர்நாய் எதுவும் இல்லாததால், பக்கத்தில் சிவப்பு மையில் ‘உறுதி இல்லை’ என்று எழுதினாள்.

அப்போதுதான் மடுவில் சுற்றுலாப் படகு விடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. நீர்நாய் குட்டி வளர்க்கிற இடம் என்று நிரூபித்தால் படகு வராது. இல்லாவிட்டால் திங்கட்கிழமை கூட்டத்தில் அனுமதி.

“பார்த்தேன்னு சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. படம் இருக்கா?” என்று கேட்டார் அதிகாரி அம்மா.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று எழுந்து நிற்கிற மனிதர் மாமா. அன்றைக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். “ரெண்டு நாளா மனுஷன் சரியா சாப்பிடலடி. மீசையக்கூட சீவல. அந்த மீசைப் படத்துல நல்லதா ஒண்ணு அனுப்பு. கொஞ்சம் சிரிக்க வைக்கணும்.”

சின்னதாக மட்டும் பார்த்து ஒதுக்கிவைத்த படங்களை முதல் முறையாக முழுத் திரையில் திறந்தாள். நல்ல மீசையாகப் பார்த்துப் பெரிதாக்கினாள். மாமாவின் காதுக்குப் பின்னால், மடுவின் பாறைமேல், ஏதோ பளபளத்தது. இன்னும் பெரிதாக்கினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்தாள்.

வாயில் மீனோடு ஒரு தாய் நீர்நாய். பக்கத்தில் இரண்டு குட்டிகள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். நீர்நாயின் அடர்ந்த ரோமம் உடம்புச் சூட்டை வெளியே விடாது. தண்ணீரிலிருந்து ஏறி வரும்போது கேமராவுக்கு அது நனைந்த கல் மாதிரி. மாமாவின் சூட்டுக்குத்தான் கேமரா கண் திறந்திருக்கிறது. தினமும் அதே நேரத்தில் வந்து சீவிவிட்டுப் போகிற ஆளை நீர்நாய்களும் மரத்தோடு மரமாக நினைத்துவிட்டன போலும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் சுவர் முழுக்க மீசை தெரிந்தது. ஜன்னல் அகலத்துக்கு மீசை, கதவு உயரத்துக்குச் சீப்பு. மாமா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போய் அவர் காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். பிறகு அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“படகுக்கு அனுமதி இல்லைன்னு எழுதுங்க.” பிறகு மாமாவிடம் திரும்பினார். “நீங்க தினம் ஏழு மணிக்கு அங்கயே நின்னு சீவணும். இது உத்தரவு.”

“லீவு நாள்லயும்ங்களா?”

“மீசைக்கு ஏதுங்க லீவு?”

கூட்டம் கலைந்ததும் அவள் பதிவேட்டோடு மாமா பக்கத்தில் உட்கார்ந்தாள். “உங்களை நம்பாம இருந்துட்டேன், மாமா. தப்பு என்னோடது,” என்றாள். மாமா மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

தேதி தேதியாகப் படத்தோடு ஒத்துப் பார்த்து, சிவப்பை அடித்து நீல மையில் ‘உறுதி’ என்று எழுதிக்கொண்டே வந்தாள். பதின்மூன்று முடிந்தது. பதினான்காவதில் மாமாவின் கோணல் எழுத்து: ‘ஒரு குட்டி என்னைப் பார்த்துச் சிரித்தது.’

“இதை மட்டும் அப்படியே விட்டுடும்மா,” என்றார் மாமா கூச்சத்தோடு. “அது சும்மா...”

அந்தத் தேதியின் படத்தைத் திறந்தாள். சீப்புக்கு அப்பால் பாறை விளிம்பில் ஒரு குட்டி, முன்கால்களைத் தூக்கி நின்றுகொண்டு, மீசையையே பார்த்து, பல்லெல்லாம் தெரிய வாயைப் பிளந்திருந்தது.

அவள் சிவப்பை அடித்தாள்.